கடன் நோட்டு போடுவது எப்படி: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதும்போது, கடனில் திணறும் குடும்பங்களோடு உட்கார்ந்து நோட்டு போட்டுக் கொடுக்கும் வேலையும் கூடவே வந்துவிடும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கடனை முதல்ல அடைக்கிறது?" பெரும்பாலானவர்கள் வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கு முதலில் கட்டுகிறார்கள். சத்தம் போடாத கடன் உள்ளுக்குள் வளர்கிறது.

இந்த வழிகாட்டி இரண்டு கேள்விகளின் மேல் நிற்கிறது. இந்தக் கடனுக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வட்டி? இன்றைக்கே கட்டி முடித்தால் எவ்வளவு வட்டி நிற்கும்? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பலர் தடுக்கி விழுவது இவற்றுக்கு நடுவில்தான். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் கணக்கு தேவைப்படும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான நோட்டு. எல்லா வங்கிப் பாஸ்புக்குகளும், கடைசிப் பதிவு வரை போட்டது. அடகு ரசீதுகள், தண்டல் (நாள்தோறும் வசூலிக்கும் கடன்) அட்டை, குழு லோன் அட்டை, வண்டி லோன் ஒப்பந்தம். ஆதார், பான், ஆதாரோடு இணைத்த போன்.

கணவன், மனைவி இருவரும் உட்கார வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் பல வீடுகளில் இருக்கிறது. அது வெளியே வராமல் போடும் திட்டம் இரண்டாம் மாதமே உடையும். யார் வாங்கியது, எதற்கு என்ற விசாரணையை அன்று வைக்காதீர்கள். சண்டை வந்தால் மறைத்த கடன் மறைந்தே இருக்கும்.

## 1. எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரம் போதும்: யாரிடம், கையில் வந்த தொகை, இன்று பாக்கி, எப்போது எவ்வளவு கட்டுகிறோம், என்ன கொடுத்து வைத்திருக்கிறோம். கடைசி விவரத்தில் நகை, பத்திரம், வெற்றுச் செக், புரோநோட்டு எல்லாம் சேரும்.

"கையில் வந்த தொகை" என்பதைக் கவனியுங்கள். பத்தாயிரம் தண்டல் என்று சொல்வார்கள், பிடித்தது போகக் கையில் வந்தது 8,500 ஆக இருக்கும். லோனிலும் பிராசசிங் கட்டணம், காப்பீடு என்று கழித்துக்கொண்டுதான் கணக்கில் ஏற்றியிருப்பார்கள். வட்டிக் கணக்கு கையில் வந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மளிகைக் கடைப் பாக்கி, ஸ்கூல் பீஸ் பாக்கி, மாமியார் வீட்டில் வாங்கிய கைமாத்து எல்லாம் சேரும். வட்டி இல்லாததால் அது கடன் இல்லை என்று விட்டால், கேட்டு வரும் நாளில் வெளிவட்டிக்கு ஓட வேண்டியிருக்கும்.

விளக்கத்துக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, மனைவி வீட்டில் தையல், இருவருக்கும் சேர்த்து மாதம் 28,000. கடன்கள்: பத்தாயிரம் தண்டல், நாளுக்கு 100. அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு 60,000. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 30,000. குழு லோன் 50,000, மாதம் 2,644. வண்டி லோன் 80,000, மாதம் 4,133. போன் இஎம்ஐ மாதம் 2,500. மாதம் மொத்தம் 14,377, அதாவது வரவில் பாதிக்கு மேல்.

## 2. வட்டியை எல்லாம் ஆண்டுச் சதவீதமாக மாற்றுங்கள்

நேரம் அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி இது. ரூபாய் வட்டி, நாள் வட்டி, பிளாட் வட்டி, ஜீரோ வட்டி என்று ஆளுக்கொரு பாஷையில் சொல்லும்வரை எது மலிவு, எது கொள்ளை என்று தெரியாது.

ரூபாய் வட்டி: நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாயோ அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். இரண்டு வட்டி 24 சதவீதம், மூன்று வட்டி 36. பத்து வட்டி என்றால் 120.

பிளாட் வட்டி: வண்டி லோனில் "12 பர்சென்ட்தான்" என்பார்கள். 80,000-க்கு இரண்டு ஆண்டு பிளாட் வட்டி 19,200. முதல் மாதத்திலிருந்தே அசலில் ஒரு பங்கு கட்டிக்கொண்டு வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கே ஓடுகிறது. பாக்கி அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். வங்கியில் சொல்லும் 12 வேறு, இந்த 12 வேறு.

தண்டல்: கையில் வந்தது 8,500. நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் கட்டுவது 10,000. வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைவதால், சராசரியாக உங்களிடம் இருந்தது பாதி, அதாவது 4,250. 1,500-ஐ 4,250-ஆல் வகுத்து, நூறால் வகுத்து, 365-ஆல் பெருக்கினால் 129 சதவீதம் வரும். துல்லியமாகப் போட்டால் 120-ஐ ஒட்டி நிற்கும். இந்த "பாதி" கணக்கு சற்றுக் கூட்டிக் காட்டும், வரிசைப்படுத்த இது போதும்.

ஜீரோ வட்டி: 15,000 ரூபாய் போன், ஆறு தவணை, மாதம் 2,500. ரொக்கமாகக் கொடுத்தால் அதே போன் 14,000-க்குக் கிடைக்கும், தவணைக்கு 500 கட்டணம் வேறு என்றால், உண்மையில் நீங்கள் வாங்கிய கடன் 13,500. அதற்குக் கட்டுவது 15,000. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 37 சதவீதம், மூன்று வட்டியைவிட ஒரு படி மேல். ரொக்க விலையைக் கேட்காமல் ஜீரோ வட்டியை நம்பாதீர்கள்.

கிரெடிட் கார்டு: மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 50,000 பாக்கிக்கு மாதம் 1,750 வட்டி, 315 ஜிஎஸ்டி. மினிமம் டியூ 2,500 மட்டும் கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய்தான். மேலும், முழுத் தொகையைக் கட்டாத மாதத்திலிருந்து புதிதாகத் தேய்ப்பதற்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்கு இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டுச் சதவீதம் அதில் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதியில் உண்டு. தமிழில் கேளுங்கள்.

## 3. கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள்

நம் பெயரில் வாங்கிய கடன்களின் பதிவு அது. நம் ஞாபகத்தில் இல்லாத கடன் அதில் இருக்கலாம். நாட்டில் நான்கு நிறுவனங்கள் இதை வைத்திருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய இணையதளத்திலேயே எடுங்கள். காசு கேட்டு எடுத்துத் தரும் ஆள் தேவையில்லை. நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது.

குழு லோன் வாங்கிய பெண்கள் கிரிஃப் ஹை மார்க் ரிப்போர்ட்டையும் கட்டாயம் பாருங்கள். மைக்ரோ பைனான்ஸ் கடன்கள் அதில் விரிவாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாரென்று உங்கள் ஆதாரில் லோன் எடுத்துக் கொடுத்திருந்தால், அது உங்கள் கடனாகத்தான் நிற்கும். அந்த அக்கா கட்டத் தவறினாலும் உங்கள் ஸ்கோர்தான் இறங்கும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

300 முதல் 900 வரை உள்ள ஸ்கோர் எண்ணை விட, கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். நீங்கள் வாங்காத கடன், முடித்தும் முடியாததாகக் காட்டும் கடன், தவறான பாக்கி இருந்தால் அந்த நிறுவனத்திடமே திருத்தம் கேட்டுப் புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

## 4. வீட்டுச் செலவின் அடிமட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

அரிசி, பால், கேஸ், கரண்ட், வாடகை, பஸ், மருந்து. இவை இல்லாமல் மாதம் ஓடாது, ஆகவே வரவில் இதை முதலில் ஒதுக்குங்கள். தவணையை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தில் குடித்தனம் நடத்தப் பார்ப்பவர்கள் இருபதாம் தேதி மறுபடி கடனுக்கு நிற்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளையும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு உறவெல்லாம் வரும். அடுத்து ஜூனில் ஸ்கூல் பீஸ், பிறகு ஆடி, தீபாவளி. ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் ரம்ஜான். தேதி முன்பே தெரிந்த செலவு இவை. இருந்தும் ஒவ்வொரு ஆண்டும் புதுக் கடன் பிறப்பது இந்த மாதங்களில்தான்.

## 5. புதுக் கடனை நிறுத்தி, சிறு கையிருப்பு வையுங்கள்

மூன்றாயிரமோ ஐந்தாயிரமோ, போனில் யுபிஐயோடு சேராத ஒரு கணக்கில், தபால் நிலையச் சேமிப்பாகக்கூட இருக்கட்டும். கடனுக்கு வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று கேட்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் இந்தப் பணம் இல்லையென்றால் மறுநாள் காலை தண்டல்காரருக்குத்தான் போன் போகும்.

பெரிய மருத்துவச் செலவுக்கு இந்தக் கையிருப்பு போதாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை குடும்பத்துக்கு உதவும். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கு வழியாகவே கிடைக்கும், பிரதமர் சுரக்‌ஷா பீமா என்று கேளுங்கள்.

## 6. கூடுதல் காசு இல்லாமலே குறையும் வட்டியை முதலில் குறையுங்கள்

நம் உதாரண வீட்டில் அடகுக் கடை 60,000-க்கு மாதம் 1,200 வட்டி. அதே நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி வைக்க முடிந்தால் மாதம் 500. ஒரு பைசா அதிகம் சம்பாதிக்காமல் 700 ரூபாய் மிச்சம்.

சிக்கல், நகையை மீட்க 60,000 முன்பணம் வேண்டும் என்பது. நம்பிக்கையான உறவினரிடம் ஒரு நாளைக்கு வாங்கி, காலையில் மீட்டு மதியமே வங்கியில் வைப்பதுதான் வழக்கம். முந்தின நாளே வங்கிக்குப் போய் மூன்று விஷயம் உறுதி செய்யுங்கள்: நகை மதிப்பிடுபவர் அன்று இருப்பாரா, கிராமுக்கு எவ்வளவு தருவார்கள், பான், ஆதார் தவிர வேறென்ன வேண்டும். இதைக் கேட்காமல் போய் மதிப்பீட்டாளர் லீவு என்று தெரிந்து, கைமாத்தைத் திருப்ப வழியில்லாமல் அதே அடகுக் கடைக்குத் திரும்பியவர்கள் உண்டு.

நகையின் மதிப்புக்கு வங்கி கூடுதலாகத் தர முன்வந்தாலும் 60,000 மட்டும் வாங்குங்கள். ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம் வேண்டாம். அப்படி வைத்தால் அசல் அப்படியே நிற்கும். வட்டியோடு மாதம் ஆயிரமோ ஐந்நூறோ அசலிலும் கட்ட முடியுமா என்று வைக்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "எல்லாக் கடனையும் சேர்த்து ஒரே லோன்" என்று வரும் ஆட்களிடம் மாதத் தவணை குறைகிறதா என்று பார்க்காதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று கேளுங்கள். காலத்தை நீட்டினால் தவணை குறையும், வட்டி கூடும்.

## 7. இப்போது வரிசை போடுங்கள்

ஆண்டுச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வரையுங்கள்: "இன்று முடித்தால் மிச்சமாகும் வட்டி". நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தண்டல் 120 சதவீதம், ஆகவே அதை முதலில் முடிப்போம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் தண்டலில் வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்கள். நாற்பது நாள் பாக்கி இருக்கும்போது 4,000 கொடுத்து முடித்தாலும், வட்டியில் தள்ளுபடி தராவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அந்த 4,000-ஐ மூன்று வட்டிக்காரரிடம் அசலாகக் கட்டியிருந்தால் மாதம் 120 நின்றிருக்கும். ஆகவே தண்டலை நாள்படி கட்டி முடியுங்கள், மறுபடி எடுக்காதீர்கள். அறுபது நாள் கட்டியதும் "புதுசா பத்தாயிரம் போட்டுக்கலாமா, பழைய பாக்கியைக் கழிச்சிக்கிறேன்" என்று கேட்பார்கள். கழிக்கும் அந்தப் பாக்கிக்கும் சேர்த்து மறுபடி வட்டி பிடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது.

போன் தவணையும் இதே வகை. பிளாட் வட்டி வண்டி லோனுக்கு, இன்று முடித்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மீதித் தவணைகளின் கூட்டுத்தொகைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

மாதாமாதம் பாக்கி அசலுக்கு வட்டி ஏறும் கடன்களில்தான் கூடுதல் பணம் வேலை செய்யும். நம் உதாரண வீட்டில் அது மூன்று வட்டி, அடுத்தது குழு லோன், பிறகு வங்கிக்கு மாற்றிய நகைக்கடன். மைக்ரோ பைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மூன்று வட்டிக்காரர் "பிரிச்சு வாங்க மாட்டேன், முழுசா கொடு" என்பார். அவருக்கு மாத வட்டிதான் வருமானம், அசல் குறைவது அவருக்கு நஷ்டம். பத்தாயிரம் பத்தாயிரமாக மூன்று தவணை என்று பேசி, புரோநோட்டின் பின்பக்கத்திலேயே வரவு எழுதி வாங்குங்கள். தண்டல் முடிந்ததும் மாதம் விடுபடும் 3,000-ஐ இதற்கே ஒதுக்கி, குறையும் வட்டியையும் இதிலேயே சேர்த்தால் பத்து மாதத்தில் 30,000 முடியும். தீபாவளி போனஸ் வந்தால் இன்னும் சீக்கிரம்.

இரண்டு விதிவிலக்கு. நகை ஏல நோட்டீஸ் வந்திருந்தால் சதவீதம் பார்க்காமல் அதை முதலில் கவனியுங்கள். குழு லோன் தவணையைத் தவறவிடாதீர்கள். நீங்கள் கட்டாவிட்டால் உடன் இருக்கும் பெண்களின் தலையில் விழும், ஊரில் அந்த உறவை மறுபடி ஒட்டுவது கஷ்டம்.

## 8. முடித்த அன்றே காகிதங்களைத் திரும்ப வாங்குங்கள்

வெளிவட்டியில் புரோநோட்டு, வெற்றுச் செக், பத்திர நகல். "வீட்ல இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, காகிதம் வந்ததும் கொடுங்கள். செக் வெளியில் இருந்தால் முடிந்த கடனுக்கும் வழக்கு வரும்.

வண்டிக்குத் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்சி புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். விற்கப் போகும் நாளில் அலைவதை விட இப்போது சுலபம்.

வங்கி, நிதி நிறுவன நகைக்கடன் முடிந்தால் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2026 ஏப்ரல் 1 முதலான விதி.

பாக்கியில் பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்று அழைப்பு வந்தால், ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழும். அது "குளோஸ்டு" ஆகாது, பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது தடுக்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் அது சரி, அதுவும் எழுத்தில் வாங்கிய பிறகு.

## 9. கட்டவே முடியாத மாதம் வந்தால்

தவணைத் தேதிக்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். போனை அணைத்து வைப்பதுதான் எல்லோரும் செய்வது, அதனால்தான் ஆள் வீட்டுக்கு வருகிறார். வேலை போனது, மருத்துவமனைச் சீட்டு போன்ற ஆதாரத்தோடு தவணையை மாற்றி அமைக்க எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. மிரட்டினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்துப் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை, உதவிக்கு 14448. நிறுவனத்திடம் புகார் கொடுக்காமல் நேராகப் போனால் புகாரைத் திருப்பிவிடுவார்கள்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் பெயர் சொல்லியே வருகின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். காவல் நிலையத்தில் மனு கொடுங்கள், இல்லையென்றால் திங்கள்கிழமை உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் (வேலூர் மாவட்டத்துக்குச் சத்துவாச்சாரி) குறைதீர் நாளில் கொடுங்கள். கட்டிய தேதிகள் உள்ள அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.

போனில் வந்த லோன் ஆப் உங்கள் போட்டோவை வைத்து மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930-க்கு அழையுங்கள்.

வழக்குக்குப் போகாமல் பேசி முடிக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) உண்டு. வேலூரில் என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்.

## 10. கடன் குறையும்போது வரும் அழைப்புகள்

கையில் கொஞ்சம் காசு நிற்க ஆரம்பித்ததும் மூன்று பேர் வருவார்கள்.

முதலாமவர், ஜாமீன் கையெழுத்து கேட்பவர். ஜாமீன் போட்டால் வாங்கியவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, நேராக உங்களிடமே வரலாம். அவர் கட்டாவிட்டால் நாம் கட்ட முடியும், கட்டுவோம் என்றால் மட்டும் கையெழுத்து.

இரண்டாமவர், மாதம் லட்சத்துக்குப் பல ஆயிரம் வட்டி தருவதாகச் சொல்பவர். 2022-இல் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி பக்கம் இப்படிப் பணம் வாங்கியவர்கள் மேல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்கு போட்டது எல்லோருக்கும் தெரியும். நகையை அடகு வைத்து அதில் போட்டவர்கள், போன பணத்துக்கு இன்னும் வட்டி கட்டுகிறார்கள். ஆண்டுச் சதவீதம் போடும் பழக்கம் இங்கேயும் உதவும்: மாதம் எட்டாயிரம் என்றால் ஆண்டுக்கு 96 சதவீதம். யாரிடம் வாங்கி, என்ன தொழில் செய்து அதைத் தருவார்?

மூன்றாமவர், சீட்டு பிடிப்பவர். சீட்டு தப்பில்லை, பதிவு செய்ததாக இருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டும் பதிவாக வேண்டும், நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்த்த பிறகு முதல் தவணை கட்டுங்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி, அதே நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வாருங்கள்.